பச்சைக் குறி பொய் சொல்லும்

வகுப்பறைச் சுவரில் தொடுதிரை ஏறி, அதில் இணையக் கருவிகள் ஓடத் தொடங்கிவிட்டால் கற்றல் தானாக உயர்ந்துவிடும் என்பதை இன்று யாரும் ஒரு கருத்தாகச் சொல்வதில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோலச் சொல்கிறார்கள். மேடையில் பேசும் அதிகாரியும், அட்மிஷன் சீசனில் பேருந்து நிலையத்தில் பேனர் கட்டும் தனியார் பள்ளியும், குறுவள மையக் (சிஆர்சி) கூட்டத்தில் பவர்பாயின்ட் ஓட்டும் பயிற்சியாளரும் வேறு எதில் முட்டிக்கொண்டாலும் இதில் ஒற்றுமை. மாற்றிப் பேசுகிறவருக்கு ஒரு பெயரும் தயாராக இருக்கிறது: பழைய ஆள். 22 ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிற நான் அந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை, அதன் பலம் குறையாமல் வைத்துவிடுகிறேன். கரும்பலகைப் பாடம் ஒருவழிப் பாதை. ஆசிரியர் பேசுவார், முன்வரிசையில் நான்கு பேர் பதில் சொல்வார்கள், மீதி முப்பது பேர் தலையாட்டுவார்கள். வினாடி வினாச் செயலி ஒன்றைப் போட்டால் எல்லாரும் பதில் சொல்லியாக வேண்டும். வாய் திறக்கக் கூச்சப்படும் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் விரலால் பதில் சொல்லிவிடும். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது அடுத்த நொடியே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். கைபேசியோடு வளர்கிற தலைமுறைக்கு இதுதான் பழகிய மொழி. பணக்காரப் பிள்ளைக்குக் கிடைப்பதை ஏழைப் பிள்ளைக்கு மறுக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஆய்வுச் சான்றும் இருக்கிறது.

இவற்றில் எதுவும் முட்டாள்தனமான வாதம் இல்லை. கடைசி பெஞ்சு வாதம் நிஜமாகவே கனமானது. அதை நம்பித்தான் நானே ஓராண்டு முழுக்க ஹைடெக் லேபில் வகுப்பெடுத்தேன். கருவி இல்லையே என்ற குறையும் நமக்குப் பெரிதாகக் கிடையாது. 2011 இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018 இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019 இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பிறகு 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், 22,931 தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டு என்று அரசு அறிவித்துக் காசும் செலவழித்தது. ஆகவே கருவி வந்த பிறகு வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பேசுவோம்.

1. விரல் பட்டால் அது உரையாடல் ஆகிவிடுமா?

ஆறாம் வகுப்பு, பின்னங்கள். லேபில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். இலவசத் தளம் ஒன்றில் தயாராகக் கிடைத்த பத்துக் கேள்விகளைப் போட்டேன். எல்லாம் ஒரே ரகம்: 1/3, 1/4 இரண்டில் எது பெரியது? 1/5, 1/8? 2/7, 2/9? சரியாகத் தொட்டால் பச்சைக் குறி, கூடவே ஒரு மணிச் சத்தம். தப்பென்றால் சிவப்பு. ஒரு பெண் பத்துக்குப் பத்து. பட்டியலில் அவள் பெயர் மேலே ஏறியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷம். பக்கத்தில் போய்ச் சும்மாதான் கேட்டேன்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"கீழ சின்ன நம்பர் இருந்தா அதுதான் பெருசு டீச்சர்."

"சரி, 2/3, 3/4 ரெண்டுல எது பெருசு?"

"2/3 டீச்சர்." யோசிக்கவே இல்லை.

பத்துக் கேள்வியிலும் தொகுதி ஒரே எண்தான். பகுதியை மட்டும் பார்த்து அவள் தனக்கென்று ஒரு விதி செய்துகொண்டிருக்கிறாள். அந்த விதி பத்து முறையும் வேலை செய்துவிட்டது. பத்துப் பச்சைக் குறியும் பத்து மணிச் சத்தமும் அவளுடைய அரைகுறை விதிக்கு முத்திரை குத்திக்கொடுத்திருந்தன. என் மேசைத் திரையிலோ அவள் வகுப்பின் முதல் மாணவி.

'கேள்வியை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கலாமே, கருவி என்ன செய்யும்?' என்று உடனே சொல்வார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். 2/3, 3/4 என்ற கேள்வி இருந்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். பின்னத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். தோன்றிவிட்டால் சாக்பீஸாலும் அதைக் கேட்கலாம். வேலை செய்தது கேள்வி. பேர் வாங்கிக்கொள்வது திரை.

கற்பித்தலில் உரையாடல் என்பது குழந்தை சொன்ன பதிலைக் கேட்டு ஆசிரியர் தன் அடுத்த கேள்வியை மாற்றுவது. செயலியில் நடப்பது, முன்கூட்டியே எழுதி வைத்த நான்கு விடைகளில் ஒன்றைக் குழந்தை தொடுவது. ஒரு பயிற்சியில் இதை எழுந்து கேட்டேன்: "பிள்ளை ஏன் தப்பு பண்ணுதுன்னு இது சொல்லுமா சார்?" பயிற்சியாளர் பொறுமையான மனிதர். "அதுக்குத்தான் டீச்சர் ரிப்போர்ட் இருக்கு" என்று ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். எத்தனை சதவீதம் பேர் 'அ' தொட்டார்கள், எத்தனை சதவீதம் பேர் 'ஆ' தொட்டார்கள் என்று வண்ண வண்ணமாக இருந்தது. ஏன் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. டீ வந்துவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது.

2. ஆய்வு நிரூபித்துவிட்டதாம். எந்த ஆய்வு?

இந்த வாதத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். மற்ற வாதங்களை ஆசையால் சொல்கிறார்கள். இதைச் சொல்லித்தான் வாயை அடைக்கிறார்கள்.

பெருவிலிருந்து தொடங்கலாம். 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்று எம்ஐடியின் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005 இல் அறிவித்ததை அந்த நாடு முழு மனதோடு எடுத்துக்கொண்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைக் கொடுத்தது. 300க்கும் மேற்பட்ட கிராமத் தொடக்கப் பள்ளிகளை வைத்துச் செய்த மதிப்பீட்டை இன்டர் அமெரிக்கன் வளர்ச்சி வங்கி 2012 இல் வெளியிட்டது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் கணினி வாங்கிய பள்ளிக்கும் வாங்காத பள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் சோதனையில் சிறிய முன்னேற்றம் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2015 இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பள்ளிக் கணினிகளில் பெரும்பணம் போட்ட நாடுகள் வாசிப்பிலோ கணக்கிலோ அறிவியலிலோ அதற்கேற்ப மேலே வந்திருக்கவில்லை.

அயல்நாட்டுக் கதை வேண்டாமென்றால் குஜராத் இருக்கிறது. லீ லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2008 இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே கணக்கு மென்பொருளை இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பள்ளி நேரத்தில் ஆசிரியர் பாடத்துக்குப் பதிலாகக் கொடுத்த இடத்தில் பிள்ளைகளின் கற்றல் குறைந்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்த இடத்தில் உயர்ந்தது. மென்பொருள் ஒன்றே, விளைவு நேர் எதிர். 'தொழில்நுட்பம் பயன் தருமா?' என்ற கேள்வியே அதோடு அடிபட்டுப் போகிறது. எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். நம் ஸ்மார்ட் போர்டு வைக்கப்படுவது ஆசிரியர் பாடத்தின் நடுவில், பள்ளி நேரத்தில்.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் மிக வலுவான சீட்டு டெல்லி. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகியோர் 2019 இல் வெளியிட்ட, மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் பற்றிய ஆய்வு. நாலரை மாதத்தில் கணக்கிலும் ஹிந்தியிலும் பெரிய முன்னேற்றம். மறுக்க முடியாத ஆய்வு, நான் மறுக்கவும் இல்லை. ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பள்ளி முடிந்த பிறகு தனி மையத்தில் 90 நிமிட வகுப்பு. அதில் பாதி நேரம்தான் கணினி. மறுபாதி, பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவுக்கு ஒரு துணை ஆசிரியர். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குத்தான் தெரியும் என்றால் மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கினார்கள். சுவரில் மாட்டிய ஒரே திரையில் நாற்பது பேருக்கும் ஒரே பாடத்தை ஓட்டுவது இதற்கு நேர் எதிரானது. டெல்லி ஆய்வைக் காட்டி ஸ்மார்ட் போர்டு வாங்குவது, குளுக்கோஸ் ஏற்றி ஒருவர் பிழைத்தார் என்பதற்காக ஊருக்கெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது மாதிரி.

கடைசியாக, சுனாமி தாக்கிய நம் கடற்கரைக் கிராமமான காளிக்குப்பம். டெல்லி கல்காஜியில் 1999 இல் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்து உலகப் புகழ் பெற்ற சுகதா மித்ரா இங்கே ஒரு பரிசோதனை செய்து, 2010 இல் அதை வெளியிட்டார். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் மூலக்கூறு உயிரியலைத் தாங்களாகவே கற்றுக்கொள்வார்களா? கணினியோடு விட்டுவிட்டார். சில மாதத்தில் சோதனை மதிப்பெண் 30 சதவீதம் அளவுக்கு வந்தது. ஆச்சரியம்தான். அதற்கு மேல் ஏறாமல் நின்றபோது என்ன செய்தார்? இன்னொரு கணினியா வைத்தார்? பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணைக் கூப்பிட்டார். அவருக்கு உயிரியல் தெரியாது. பின்னால் நின்று, 'அடேயப்பா, இது என்ன, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?' என்ற தோரணையில் பாட்டிமாதிரி வியந்துகொண்டே இருப்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50 அளவுக்குப் போனது. ஆசிரியரே தேவையில்லை என்பதற்கு இந்தப் பரிசோதனையை மேற்கோள் காட்டுகிறார்கள். நான் படித்தவரையில் அது சொல்வது, ஒன்றும் தெரியாத ஒரு மனிதர் அக்கறையோடு 'எப்படி?' என்று கேட்டாலே திரையால் முடியாதது நடக்கிறது என்பது. ஒன்று தெரிந்தவர் கேட்டால்?

3. கவனம் வந்துவிட்டால் பாடம் வந்துவிட்டதா?

வகுப்பில் ஒரு மைனா நுழைந்தால்கூடத்தான் நாற்பது பிள்ளைகளும் கவனிக்கிறார்கள். கவனிப்பது எதை என்று பார்க்க வேண்டாமா? வேகமாகத் தொட்டால் கூடுதல் புள்ளி தரும் விளையாட்டுச் செயலிகளில் பிள்ளைகள் கவனிப்பது கடிகாரத்தையும் பெயர்ப் பட்டியலையும். யோசித்துச் செய்கிற பிள்ளைக்கு அங்கே அபராதம். என் வகுப்பில் ஒருவன் எந்தக் கணக்கையும் மூலையில் சின்னப் படம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்வான். நல்ல கணக்குத் தலை. செயலி வந்த ஒரு மாதத்தில் படம் போடுவதை விட்டுவிட்டு ஊகித்துத் தொட ஆரம்பித்தான். கேட்டால், "டைம் போயிடுது டீச்சர்."

பிள்ளைகளின் 'பழகிய மொழி' என்ற வாதத்துக்கு 'ஏசர்' எனப்படும் கல்வி நிலை ஆண்டறிக்கையின் 2024 பதிப்பு போதும். கிராமப்புற இந்தியாவில் கைபேசியைக் கையாளத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். அந்த மொழியில் அவர்கள் நன்றாகப் பழகியிருப்பது எது என்பது தெரிகிறது.

4. சமத்துவம் என்றால் எதில் சமம்?

எனக்குச் சங்கடமான வாதம் இது, ஏனென்றால் இதன் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. என் பிள்ளைகளின் அப்பாக்கள் கொத்தனார், லோடு ஆட்டோ ஓட்டுநர். அவர்களுக்குக் கணினியைத் தொடும் வாய்ப்பு பள்ளியில்தான். கணினி கற்றுக்கொடுப்பதற்கு நான் எதிரி இல்லை. கணினியால் கணக்கு வந்துவிடும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கொரோனா காலத்தை மறந்துவிட்டோமா? அப்போது தொழில்நுட்பம் மட்டுமே பள்ளிக்கூடமாக இருந்தது. சிக்னலுக்காக மாடியேறிய பிள்ளைகள், வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, 2021 டிசம்பரில் கற்றல் எவ்வளவு சரிந்திருந்தது என்று அளந்தது. சரிவு மொழியைவிடக் கணக்கில் பெரிது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அதே ஆய்வு கணக்கிட்டது. அது என்ன கருவி? சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்து உட்கார்ந்த அக்காக்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள். இவ்வளவு தெளிவாக ஒரு விடை நம் வீட்டு வாசலிலேயே கிடைத்த பிறகும் அடுத்த டெண்டர் எதற்குப் போகிறது என்று பாருங்கள்.

ஸ்வீடனைப் பற்றி ஒரு வரி. திரைகளை முதலில் வகுப்பறைக்குள் கொண்டுபோன பணக்கார நாடுகளில் ஒன்று. 2023 இல் அச்சுப் பாடநூல் வாங்கத் தனியாக நிதி ஒதுக்கியது. அவர்கள் இறக்கி வைப்பதை நாம் சமத்துவம் என்று ஏற்றிக்கொள்ள வேண்டுமா?

5. நேரத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

ஒரு பீரியட் 45 நிமிடம். வரிசையில் லேபுக்குப் போகச் சில நிமிடம். கணினி உயிர்பெற, பாஸ்வேர்டு போட, இரண்டு பேரில் யார் மௌஸ் பிடிப்பது என்ற சண்டை தீர இன்னும் சில நிமிடம். பிறகு திரையில் சக்கரம் சுற்றும். "சுத்திக்கிட்டே இருக்கு டீச்சர்" என்பதுதான் ஹைடெக் லேபின் தேசிய கீதம். கரண்ட் போகாத நாளிலேயே கணக்குக்கு மிஞ்சுவது அரை மணி நேரம்.

இதைவிட மோசம், பயன்பாட்டைப் பதிவு செய்வது. எவ்வளவு நேரம் கருவி ஓடியது என்று மேலே கேட்கத் தொடங்கிவிட்டால், பள்ளிகள் நேரத்தை ஓட்டத் தொடங்கிவிடும். ஆளில்லாத அறையில் ஒளிவிலகல் வீடியோ தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். அந்த ஆசிரியரைக் குறை சொல்லவும் மாட்டேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து நிஜமாகவே ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தார், டம்ளரில் தண்ணீரும் பென்சிலும் வைத்து.

இணையக் கருவியின் ஆயுளும் நம் கையில் இல்லை. 2020 டிசம்பர் 31 உடன் ஃபிளாஷ் நின்றபோது அதில் செய்யப்பட்ட எண்ணற்ற பாட அசைபடங்கள் திறக்காமல் போயின. உலகம் முழுக்க ஆசிரியர்கள் பழகியிருந்த கூகுள் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31 உடன் மூடப்பட்டது. நான் இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து ஒரு தளத்தில் செய்து வைத்த கேள்வித் தொகுப்பு, அவர்கள் இலவசத் திட்டத்தைச் சுருக்கியதும் பூட்டிக்கொண்டது. என் மாமியார் எழுதி வைத்த பாடக்குறிப்பு நோட்டு, அவரும் கணக்கு டீச்சர்தான், இன்னும் என் மேசையில் இருக்கிறது. அட்டை மட்டும் போய்விட்டது.

6. ஜெயித்தால் கருவி, தோற்றால் ஆசிரியரா?

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே பதில் உண்டு: 'ஆசிரியருக்குச் சரியான பயிற்சி இல்லை, அதனால்தான்.' ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்தப் பதிலின் தர்க்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நல்ல ஆசிரியர் கையில் கருவி பலன் தந்தால் கருவிக்குப் புகழ். சாதாரண ஆசிரியர் கையில் பலன் தராவிட்டால் ஆசிரியர் குற்றம். எப்படி விழுந்தாலும் கருவி தோற்காது. தோற்கவே முடியாத ஒரு கூற்றை நிரூபிக்கவும் முடியாது. பலன் ஆசிரியரைப் பொறுத்துத்தான் மாறுகிறது என்று நீங்களே ஒப்புக்கொள்ளும்போது, ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் திரைக்கு எதற்கு முதல் செலவு? 1983 இலேயே ரிச்சர்டு கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சொல்லிவிட்டார்: மளிகை ஏற்றி வரும் லாரியால் உடம்பில் சத்து ஏறுவதில்லை. நாம் லாரியைக் கழுவி மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

'பழைய ஆள்' என்ற பட்டத்துக்கும் இங்கேயே பதில். இன்னும் பத்து ஆண்டில் பள்ளியில் புத்தகமே இருக்காது, சினிமாவே பாடம் நடத்தும் என்று தாமஸ் எடிசன் சொன்னது 1913 இல். ஆக, இதில் மிகப் பழைய ஆள் அவர்தான். பிள்ளைகள் தாங்களே செய்து கற்கும் வகுப்பறைக்கும் மின்சாரத்துக்காக நாம் காத்திருக்கவில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 இல் தொடங்கி 2007 இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? கற்றல் ஏணி, படம் போட்ட அட்டைகள், குழந்தை தரையில் உட்கார்ந்தே எழுதும்படி சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில், தன் வேகத்தில். டெல்லி மென்பொருள் செய்ததன் சாரமான யோசனை அட்டையிலேயே இருந்தது. அந்தத் திட்டத்திலும் குறைகள் இருந்தன, ஆசிரியர்களை அது பிழிந்தெடுத்தது. ஆனால் அதன் கேள்வி சரியான கேள்வி. எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு மாட்டும்போது சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கீழே இருந்த அந்தக் கரும்பலகைப் பட்டையும் சேர்ந்து போய்விட்டது.

அப்படியானால் திரையே வேண்டாமா?

வேண்டும், கையால் காட்ட முடியாததற்கு. ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்க இழுக்க மூன்று கோணமும் மாறுகிறது, கூட்டுத்தொகை மட்டும் 180 இல் அசையாமல் நிற்கிறது. சாக்பீஸால் நான் நூறு முக்கோணம் வரைந்தாலும் அந்த 'அசையாமை'யைக் காட்ட முடியாது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் கொலராடோவில் தொடங்கிய பெட் (PhET) தளத்தில் மின்சுற்று ஒன்று இருக்கிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதைப் பிள்ளை பார்க்கலாம். அருமையான வேலை. ஆனால் எங்கள் அறிவியல் டீச்சர் அதைக் காட்டுவதற்கு முதல் நாள் நிஜ டார்ச் பல்பு, சுவர்க் கடிகார செல், ஒயர் கொடுத்து விட்டுவிடுவார். பாதிப் பேருக்கு பல்பு எரியாது. திருப்பிப் போடுவார்கள், செல்லைத் தட்டுவார்கள். ஒருவன் கடைசியில் ஒயர் முனையைப் பல்லால் கடித்துப் பிளாஸ்டிக்கை உரிப்பான். எரியும். உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும் என்பதைத் திரை அவனுக்குச் சொல்லாது, ஏனென்றால் திரையில் எல்லா ஒயரும் உரித்தே வருகிறது. ஏட்டுச் சுரைக்காயைக் கேலி செய்த நம்மவர்கள் திரைச் சுரைக்காயைப் பார்த்ததில்லை.

பத்துக்குப் பத்து வாங்கிய அந்தப் பெண்ணின் கதை பாதியில் நிற்கிறது. மறுநாள் லேபுக்குப் போகவில்லை. பழைய நோட்டிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டிரண்டு தாள் பட்டை கிழித்து எல்லாருக்கும் கொடுத்தேன். ஒன்றை மூன்றாக மடிக்க வேண்டும், இன்னொன்றை நான்காக. மூன்றாக மடிப்பதற்குள் பெரிய ரகளை. பிறகு 2/3 பங்குக்கும் 3/4 பங்குக்கும் பென்சிலால் கோடு போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னேன். அவள் வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். முகம் சுண்டிவிட்டது, நேற்று கைதட்டல் வாங்கிய விதி கண்முன்னால் பொய்யாகிக் கிடந்தது. நான் எதுவும் சொல்லாமல் அடுத்த பெஞ்சுக்குப் போனேன். பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து வந்தாள். கோடு போடாத மிச்சத் துண்டுகளை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்: ஒன்றில் 1/3, மற்றதில் 1/4.

"டீச்சர், மிச்சம் இருக்குறதுல எது சின்னதுன்னு பாத்தா போதும்ல? மிச்சம் கம்மின்னா இது பெருசு."

அவளுடைய பழைய விதிதான். இடம் மாறி, சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. போர்டில் 5/6, 7/8 என்று எழுதினேன். பட்டையைத் தொடாமலே பதில் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள்.